உள்ளூரில் தெரிந்தவர்

"மேடம், இந்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? பேரு, அட்ரஸ், போன் நம்பர் எழுதுங்க."

லூயிசாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறந்து வளர்ந்த ஊரில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு உட்கார்ந்து எழுதினாள்: அல்போன்ஸ், மந்தைவெளி. உறவு, தகப்பன்.

கணவர் இறந்த பிறகு, அவர் விட்டுப்போன பாய்மரப் படகைத் தனியாகவே செலுத்தி, பதினாறு நாளில் சென்னை வந்திருந்தாள். விடியற்காலையில் சாந்தோம் கோபுரம் தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால், இமிகிரேஷன் அதிகாரி முத்திரை குத்தும்வரை கரையில் கால் வைக்கக் கூடாது.

"தனியாவா வந்தீங்க? நங்கநல்லூர்லேருந்து பைக்ல வர்றதுக்கே எனக்கு இடுப்பு கழண்டுடுது" என்றார் அதிகாரி தனபாலன். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் படகுக்குள் வந்திருந்தார்.

"சீக்கிரம் விடுங்க சார். டாடியைப் பாத்து பன்னெண்டு வருஷமாச்சு. சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு கோவம். எதிர்ல போய் நின்னா கரைஞ்சிடுவார்."

"நம்பரைச் சரிபாக்கணும்மா." போனுடன் மேல்தட்டுக்கு ஏறியவர் சற்றுநேரத்தில் திரும்பினார். "யாரும் எடுக்கல" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அவருக்குக் காது மந்தம் சார். இன்னொரு தடவை போடுங்க."

மறுபடி ஏறினார். சின்ன ஜன்னல் வழியே பார்த்தாள். கால் மணி நேரமாக ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். பிறகு வேறு எண்ணை அழுத்தினார். "சாம்பார் இருக்கா?" என்பது மட்டும் காற்றில் வந்து விழுந்தது.

கீழே வந்தவர் மறுபடியும் "எடுக்கலம்மா" என்று சொல்லி, படிவத்தில் மந்தைவெளி முகவரியைக் கோடு போட்டு அடித்தார்.

லூயிசாவுக்குப் பொறுக்கவில்லை. "டூட்டி நேரத்துல யார்கிட்டயோ கால் மணி நேரம் அரட்டை அடிக்கத் தெரியுது, வீட்டுல என்ன சமையல்னு கேக்கத் தெரியுது. எங்க டாடிக்கு ஒழுங்கா ஒரு போன் போடத் தெரியல. நீங்கள்லாம் மனுஷங்களா சார்?"

தனபாலன் பேனாவை எடுத்தார். அடித்த வரிக்கு மேல் ஏதோ எழுதினார். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். இரண்டையும் அவளிடம் நீட்டினார்.

நங்கநல்லூர் முகவரி.

"இது யார் வீடு?"

"எங்க வீடும்மா. சம்சாரத்துக்கிட்ட சொல்லிட்டேன். சாப்பாடு எடுத்து வச்சிருப்பா."

"உங்க வீடு எனக்கு எதுக்கு? நான் எங்க டாடி வீட்டுக்குப் போறேன்."

தனபாலன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க டாடி ரெண்டு தடவையும் போனை எடுத்தார்மா."