சவப்பெட்டிக்குக் கொடுத்த பூ

"அம்மா போயிட்டாங்கண்ணே. பெட்டி மேல வைக்க உங்க பூத்தண்டு ஒண்ணு கொடுங்க" என்று அழுதான் பக்கத்து ஊர் ஜிஹுங்.

தைனான் நகர மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்கிய, நானே உருவாக்கிய செம்புள்ளி ஆர்க்கிட்டின் தண்டை நான் யாருக்கும் தருவதில்லை. அதில் ஒரு கணு கிடைத்தால் போதும், ஆயிரம் செடி வளர்த்துவிடுவார்கள். பூ உதிர்ந்ததும் நானே எரித்துவிடுவேன்.

"அம்மாவோடயே எரிச்சிடுறேண்ணே" என்றான். வெட்டிக் கொடுத்தேன். காலில் மாவுக்கட்டு போட்டிருந்ததால் சாவுக்குப் போக முடியவில்லை.

மூன்று வருஷம் கழித்துப் பூச்சந்தையில் வரிசை வரிசையாக என் செம்புள்ளிப் பூக்கள். பாவி, பெட்டி மேலிருந்தே எடுத்திருக்கிறான்.

"இது யாரு உருவாக்கின பூ?" என்று கடையிலிருந்த கிழவியிடம் கேட்டேன்.

"நான் பெத்த புள்ள ஜிஹுங்தான்" என்றாள் பெருமையாக.