மாதவி பார்த்த சென்னை

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாகச் சென்னையைச் சுற்றிவிட்டு, கடல் கடந்து, லுக்குட் ஊரை அடுத்த தோட்டத்து வீட்டுக்குத் திரும்பியிருந்தாள் மாதவி. வந்ததும் வராததுமாகத் தொடங்கிவிட்டாள்.

“அதெல்லாம் ஒரு ஊராப்பா? காது கிழியிற மாதிரி ஹாரன். வரிசையில நின்னா முன்னால பூந்துர்றானுங்க. நான் பேசுறது தமிழே இல்லையாம்லா! வாயத் தொறந்தாலே சிரிக்கிறானுங்க.”

அப்பா திருச்செல்வத்துக்கு உச்சி குளிர்ந்தது. போகாதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டவர் அவர்தான்.

“கடற்கரையாவது நல்லாருந்திச்சா?”

“கூட்டத்ததான் பாத்தேன், கடலப் பாக்கல. நம்ம போர்ட்டிக்சன் கடற்கரைகிட்ட நிக்க முடியாது.”

“நான் அப்பவே சொன்னேன்ல? அந்த ஊருக்காரன் ஒருத்தனையும் நம்பக்கூடாது.”

மாதவி வாசலைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

“ஒருத்தர நம்பிட்டேன்ப்பா. வெளிய கார்ல உக்காந்திருக்காரு. உள்ள கூப்பிடட்டுமா?”