டப்பா டிவியில் அருவி

ஞாயிறு ஆராதனை முடிந்து தார்நாகா வீட்டுக்கு வந்தும் சாம்ராஜ் சட்டை மாற்றவில்லை. நாச்சாரம் காயலான் கடையிலிருந்து சுமந்து வந்த டப்பா டிவியைத் துடைக்கிறான். ஜன்னல் வெயில் நேரே அதன் கண்ணாடியில் விழுகிறது. "இது நக்கோ, வேணாம் சாம், சாயங்காலமே திருப்பிக் கொடுத்துடு," என்கிறாள் கரோலின், சினிமாவைத் தவிர எதையும் கலையென்று ஒப்பாத மனைவி. புது டிவியில் அவன் காட்டிய பழைய வீடியோ கேமின் அருவி அவளுக்கு வெறும் நீலக் கட்டங்கள். "அத வரைஞ்சவன் இந்த மாதிரி டிவிக் கண்ணாடிய மனசுல வச்சுதான் வரைஞ்சான்." கேம் கேசட்டை வாயால் ஊதி, டிவியோடு இணைத்த விளையாட்டுப் பெட்டியில் செருகுகிறான். டிவி முனகுகிறது. கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, மங்கலாக அருவி கொட்டுகிறது. கரோலின் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவனருகே தரையில் உட்காருகிறாள். "அதுக்குப் பின்னால போக வழி இருக்கா?"