நான்காவது மூடி

மார்ச் மூன்றாம் தேதி காலை, நகரின் எந்த ஆஸ்பத்திரியிலும் தட்டம்மை நோயாளி ஒருவர்கூட இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பக்கச் சாக்கடைத் தண்ணீரில் அதன் கிருமி இருந்தது.

“அப்போ சாக்கடைக்குத்தான் தட்டம்மை. அதுக்காக எண்ணூறு பிள்ளைங்க படிக்கிற ஸ்கூலை மூடணுமா?” என்றார் சுகாதார அதிகாரி. அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

“நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே கிருமி சாக்கடைக்கு வந்துடும் சார்,” என்றாள் ஆய்வகப் பெண்.

அவள் வேனில் டிபன் பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. தண்ணீரில் கிருமியின் மரபணு துளியூண்டு கிடந்தாலும் போதும். அதைக் கோடிக்கணக்கில் நகலெடுத்து நாற்பதே நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

“எந்த வீடுன்னு காட்டுங்க. அப்பக் கையெழுத்துப் போடுறேன்.”

அவள் பாதாளச் சாக்கடை ஊழியரைப் பார்த்தாள். ஊரே அவரை ‘மேப்பு’ என்றுதான் கூப்பிடும். “முடியுமாண்ணே?”

“எந்த வீட்டுக் குழாய் எங்க விழுதுன்னு இருபத்திரண்டு வருஷமா என் தலைக்குள்ள இருக்கு. சாயங்காலத்துக்குள்ள காட்டுறேன்மா.”

பள்ளிக்குப் பின்னால் முதல் சாக்கடை மூடி. நீண்ட கம்பியில் கட்டிய பாட்டிலை உள்ளே இறக்கித் தூக்கினார் மேப்பு. நாற்பது நிமிடம். கிருமி இருந்தது. இரண்டாவது மூடியில் இரண்டு தெருக் குழாய்கள் சேர்ந்தன. இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் இருந்தது.

மேப்பு சற்று நேரம் அந்த வலது குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், வெயில் ஏறுது. நீங்க ஆபீஸ் போங்க, நான் போன்ல சொல்றேன்.”

“ஏம்ப்பா, குட்டு உடைஞ்சிடும்னு பயமா?” அதிகாரியின் போன் ஒலித்தது. “வீட்டுலேர்ந்து. அப்புறம் பேசிக்கலாம்.” துண்டித்தார்.

மூன்றாவது மூடி வீடுகளின் பின்பக்கச் சந்தில். ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். எல்லாம் ஒரே மாதிரி பின்சுவர்கள். அங்கேயும் இருந்தது. போன் மறுபடி ஒலித்தது. மறுபடி துண்டித்தார்.

நான்காவது மூடி. கால் மணியிலேயே கருவியின் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது.

“இவ்வளவு சீக்கிரம் ஏறி நான் பார்த்ததே இல்லைண்ணே!”

மேப்பு நிமிர்ந்தார். “இதுல விழுறது ஒரே வீட்டுக் குழாய்.”

“பரவாயில்லையே! யார் வீடு? முன்பக்கம் போய்க் கதவைத் தட்டு.”

“தட்ட வேணாம் சார். சாவி உங்க பாக்கெட்லயே இருக்கும்.”

போன் மூன்றாவது முறை ஒலித்தது. அதிகாரி எடுத்தார். “பாப்பாவுக்கு உடம்பெல்லாம் சிவப்பாவா?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு அந்தப் பின்சுவரிலேயே பள்ளியை மூடும் உத்தரவுத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, மேப்புவிடம் கேட்டார்: “உங்க முழுப் பேரு என்னங்க?”