அளவெட்டியில் ஒரு காதுப் பரீட்சை

இசை, மதங்கொண்ட யானையையும் மண்டியிட வைக்கும் என்று நாத சம்ரட்சண சபையின் அழைப்பிதழில் தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கூட்டம் தொடங்கி நாற்பதாவது நிமிடம், சபையின் செயலாளர் கஜானன், தலைவர் ஐசாக்கின் இடது காதைக் கடித்துக்கொண்டிருந்தான். நாதஸ்வரம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

விவகாரம் ஒரு ஹார்ட் டிஸ்க். கஜானனின் தகப்பன் தம்பிராசா பேர்பெற்ற நாதஸ்வர வித்துவான். அவர் வாசித்துப் பதிவான நானூறு கசற்று நாடாக்களைக் கஜானன் மூன்று வருடமாகக் கணினியில் ஏற்றி, ஃபிளாக் கோப்புகளாக்கி வைத்திருந்தான். ஒலியில் ஒரு துளியும் வெட்டாத வடிவம் அது. எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத திறந்த வடிவம். பூஞ்சணம் பிடித்த கசற்றுகளைக் கிணற்றடியில் போட்டு எரித்தாயிற்று. டிஸ்க்கில் இருப்பதுதான் மிச்சம்.

டிஸ்க்கும் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் எம்பி3 ஆகச் சுருக்கி மூலத்தை அழித்தால், தம்முடைய தலைமையுரைகளைச் சேமிக்கவும் இடம் வரும் என்றார் ஐசாக். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஐம்பது தலைமையுரைகள் கைவசம் இருந்தன.

காதுக்கு எட்டாது என்று நினைக்கும் ஒலிகளை எம்பி3 வெட்டி எறிந்துவிடும். கேளாததை வெட்டினால் யாருக்கு நட்டம் என்பது ஐசாக்கின் வாதம். தன் காதுக்கு அது கேட்கும் என்பது கஜானனின் வாதம். ஆகவே ஐசாக்கை நடுவராக்கிப் பரீட்சை வைத்தார்கள்.

மண்டபத்தின் பின் யன்னலோரம் ஒரு திரை. அதற்குப் பின்னால், கம்பஸில் கணினி படிக்கும் றஜனி மடிக்கணினியோடும் ஒலிபெருக்கிகளோடும் இருப்பாள். தம்பிராசாவின் வாசிப்பு ஒன்றை இரண்டு வடிவிலும் போடுவாள். எந்த வாசிப்பு, எது முதலில் என்பதெல்லாம் அவளுக்கு மட்டுமே தெரியும். அவள் வாய் திறக்கக் கூடாது. குரலில் சாடை தெரிந்துவிடும் என்று ஐசாக் விதி எழுதியிருந்தார். கஜானன் பிழையாகச் சொன்னால் எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அங்கேயே அழிப்பது.

அன்று காலை மேளக் கச்சேரிக்குப் புறப்பட்ட தம்பிராசா, ஒருக்கால் வந்து கேளடா என்று மகனைக் கூப்பிட்டிருந்தார். தன்னிடம் நானூறு மணித்தியாலம் அப்பா இருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கஜானன் சபைக்கு வந்துவிட்டான்.

ஐசாக் மணி அடித்தார். திரைக்குப் பின்னால் றஜனி இருமினாள். சாடை காட்ட வேண்டாம் என்று ஐசாக் அதட்டினார். அவள் மறுபடி இருமினாள், மறுபடி அதட்டினார். பிறகு தோடி ராகம் எழுந்தது. ஐசாக்கும் கஜானனும் பெரிய ரசிகர்களுக்குரிய முறையில் கண்களை மூடிக்கொண்டார்கள்.

இரண்டு நிமிடத்தில் கஜானன் கண் திறந்தான்.

“மற்றதைப் போடத் தேவையில்லை. உது எம்பி3.”

“எப்பிடியடா சொல்லுறாய்?”

“அப்பான்ரை மூச்சை அப்பிடியே வெட்டிக் கிடக்கு. உதிலை உயிர் எங்கை இருக்கு சேர்?”

“எனக்குப் புல்லரிக்குது, உனக்கு உயிரில்லையோ? உது அசல் ஃபிளாக். நீ தோத்திட்டாய்.”

ஐசாக் டிஸ்க்கைக் கையில் எடுத்தார். முதல் குத்து யாருடையது என்பதில் சபைக் குறிப்பேட்டில் இன்றுவரை இணக்கமில்லை. உடைந்த மூக்கு கஜானனுடையது. ஏழாம் வகுப்பில் பிரம்பால் தொடங்கியதை ஐசாக் இப்போது முழங்காலால் முடிக்கப் பார்த்தார். விலக்கப் போன பொருளாளரின் முன்பல் ஒன்று மேசைக்கு அடியில் உருண்டது.

இரத்தம் தங்க எழுத்து அழைப்பிதழ்களில் தெறித்தது. கஜானன் தான் இருந்த கதிரையின் காலைப் பிடுங்கித் தலைவரின் முதுகில் இரண்டு போட்டான். மூன்றாவதற்குக் கதிரைக் கால் முறிந்தது. அப்போதுதான் காதைக் கடித்தான்.

“அதுதான்ரா எனக்குக் கேக்கிற காது. விடடா” என்றார் ஐசாக்.

பரீட்சை நடுவரின் மற்றக் காது வேலை செய்வதில்லை என்பது சபைக்கு அன்றுதான் தெரியும். கஜானன் விடவில்லை. டிஸ்க் தன் கைக்கு வந்தபிறகுதான் பல்லை எடுத்தான்.

ஐசாக் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைத் தூக்கி, செயலாளரின் மண்டைக்குக் குறிவைத்து எறிந்தார். கஜானன் குனிந்தான். விளக்கு திரையைக் கிழித்துக்கொண்டு போனது. திரைக் கம்பி அறுந்து விழுந்தது; ஒலிபெருக்கிகள் இரண்டும் நிலத்தில் மோதிச் சிதறின. ஒன்றின் வயிற்றிலிருந்து வயர்கள் குடல் மாதிரித் தொங்கின.

தோடி நிற்கவில்லை.

ஓங்கிய கைகள் ஓங்கியபடி நின்றன. பொருளாளர் பல்லைத் தேடுவதை நிறுத்தினார். கஜானன் டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூக்கிலிருந்து இரத்தம் சொட்ட, சிதறிக் கிடந்த ஒலிபெருக்கிகளைப் பார்த்தான்.

யன்னலடியில் மடிக்கணினியை மடியில் வைத்தபடி றஜனி இருந்தாள்.

“இப்ப கதைக்கலாமோ சேர்?”

ஐசாக் காதைப் பொத்தியபடி தலையாட்டினார்.

“லப்டொப் இன்னும் அப்டேற் ஆகிக்கொண்டிருக்கு. நான் ஒண்டும் போடேல்லை.” அவள் யன்னலால் வெளியே பார்த்துவிட்டுக் கஜானன் பக்கம் திரும்பினாள். “பின்வளவிலை பெட்டைக்குச் சாமத்திய வீடு, மேளம் நடக்குது. வாசிக்கிறது உங்கடை அப்பா.”