மேல் கம்பி

மறுபடியும் அவன் இடுப்பு தோளில் வந்து உரசியபோது ஃபஸீலா இருக்கையில் இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொண்டாள். தொண்டியில் ஏறியதிலிருந்தே பஸ்ஸுக்குள் கருவாட்டு நாற்றம். அதையாவது சகித்துக்கொள்ளலாம், இந்த ஜென்மத்தை எப்படிச் சகிப்பது?

கட்டம்போட்ட சட்டையும் வாய் நிறையப் பாக்குமாக, இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். வண்டி குலுங்காத இடத்திலும் அவன் மட்டும் குலுங்கினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே" என்று சொல்லிப் பார்த்தாள்.

"கூட்டம் தங்கச்சி" என்று இளித்துவிட்டு இன்னும் நெருங்கினான். தங்கச்சியாம்! அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்கவே அருவருப்பாக இருந்தது.

உப்பூர் தாண்டியதும் ஃபஸீலாவுக்குப் பொறுக்கவில்லை. சத்தம் போட்டுவிட்டாள். "மேல அம்புட்டு நீளத்துக்குக் கம்பி இருக்குல்ல? அதப் பிடிச்சு நிக்காம எதுக்கு என் மேல வந்து சாயிறீங்க?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் நொடியில் பச்சைப் பிள்ளை முகமாகிவிட்டது.

"பிடிக்க ஏலாது தாயி. சரவாங்கி. மூட்டெல்லாம் முடங்கி, தோளுல சத்தே இல்ல. ரெண்டு கையும் நெஞ்சுக்கு மேல போகாது. காலைல எந்திரிக்கையில நல்லாத்தான் இருக்கும், பொழுது ஏற ஏறத்தான் பாடாப் படுத்துது."

காலையில் நன்றாக இருக்குமாம். சரவாங்கி காலையில்தானே அதிகமாக முடக்கும்? ஃபஸீலா அப்போதுதான் அவனை முழுசாக நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்குள் பஸ்ஸுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. "நோயாளி மனுசனப் போயி இப்படிப் பேசுது" என்றது ஒரு குரல். பின்னாலிருந்து ஒருவன் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த கருவாட்டுக்காரி கனகலட்சுமிக்கும் நியாயம் பேச ஆசை வந்தது. "முக்காடு நழுவித் தோளுல கெடக்கு. அத எடுத்துப் போட்டுக்கத் தோணல. வாய மட்டும் பாரு!"

முக்காடு நழுவியது ஃபஸீலாவுக்கும் தெரியும். காலையில் மகள் மின்ஹா பார்த்துப் பார்த்துப் பின் குத்திவிட்டது, இவன் உரசிய உரசலில் கழன்றுவிட்டது. அத்தனை பேர் முன்னால் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கை மடியிலேயே கிடந்தது.

கண்டக்டர் தங்கப்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏம்மா, ராம்நாடு வரைக்கும் அந்த ஆளுக்கு எடத்தக் குடுத்துட்டு நீ எந்திரிச்சு நில்லேன். ஒனக்கென்ன, நல்லாத்தான இருக்க?"

இன்னும் தேவிபட்டினமே வரவில்லை. எழுந்து நின்றால் ஒரு திருப்பத்துக்குக்கூடத் தாங்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். இனி என்ன சொன்னாலும் ஒருத்தரும் நம்பப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

"தங்கச்சிய வையாதீங்க கண்டக்டர். கொஞ்சம் நகந்தா நானும் அப்படியே ஒட்டி ஒக்காந்துக்கிருவேன்" என்றான் அவன். கடைவாயில் வழிந்த பாக்கு எச்சிலை நாக்கால் நக்கிக்கொண்டான்.

தலைக்கு மேலே சாமான் தட்டில் அவளுடைய துணிப்பை இருந்தது. ஏறியதும் தங்கப்பாண்டியிடம் கெஞ்சி, அவர் கையால் வைக்கச் சொன்ன பை. அவரும் அதன் காதைக் கம்பியில் மாட்டி இறுக்கித்தான் வைத்திருந்தார்.

அவள் மேலே பார்த்து அலறினாள். "அய்யய்யோ, பை விழுகுது! பிடிங்கண்ணே, பிடிங்க!"

கட்டம்போட்ட சட்டைக்காரன் யோசிக்கவே இல்லை. இரண்டு கையும் விருட்டென்று தலைக்கு மேலே போய்ப் பையைப் பிடித்துக்கொண்டன.

பை வைத்த இடத்தில்தான் இருந்தது. அவன் கைகளும் அங்கேயே நின்றன.

"ஏலே, நெஞ்சுக்கு மேல போகாதுன்ன? இப்ப எப்படிப் போச்சு?" தங்கப்பாண்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டே விசிலை ஊதினார். வண்டி நின்றது. "தூ! நீயெல்லாம் ஒரு மனுசன்" என்று கனகலட்சுமி காறித் துப்பாத குறையாகக் கத்தினாள்.

படியில் இறக்கிவிடும்போதும் அவனுக்குத் திமிர் அடங்கவில்லை. ஃபஸீலாவைப் பார்த்துக் கத்தினான். "ஒம் பைய நீயே பிடிக்க வேண்டியதுதான! ஏன், ஒனக்குக் கை இல்லையா?"

தோளில் கிடந்த முக்காட்டை ஃபஸீலா ஒரு தரம் குனிந்து பார்த்தாள்.

"கை இருக்குய்யா. சரவாங்கி எனக்குத்தான்."