பச்சை வயர் பட்ட சூடு

கிரைண்டருக்குள் மின்சாரத்தைச் சுமந்து வருவது சிவப்பு வயரின் வேலை. பக்கத்திலேயே ஒரு பச்சை வயர் சும்மா கிடந்தது.

ஒருநாள் மாவு அரைபடும்போது, அதிர்வில் உரசி உரசிச் சிவப்பின் மேலுறை கிழிந்துவிட்டது. உள்ளிருந்த செம்புக் கம்பி கிரைண்டரின் இரும்பு உடம்பைத் தொடப் போனது. அரைத்துக்கொண்டிருந்த தமயந்தி ஈரக் கையோடு மாவைத் தள்ளிவிட வந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னால அந்தப் பொண்ணு செத்துடுவாளே!" என்று சிவப்பு பதறியது.

"பயப்படாதே. இந்த இரும்போட என்னையும் சேர்த்துத்தான் முடுக்கியிருக்காங்க. மொத்தத்தையும் என் பக்கம் விடு," என்றது பச்சை.

கம்பி இரும்பைத் தொட்டது. மின்சாரம் பச்சை வழியாகப் பாய்ந்து, வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் இறங்கியது. அந்த வேகத்தில் மெயின் சுவிட்சும் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தியது. தமயந்தி கை வைத்தபோது கிரைண்டர் சாதுவாக நின்றது.

"உனக்குச் சுடலையா?" என்று சிவப்பு தயங்கிக் கேட்டது.

"சுட்டுச்சு. ஆனா, மண்ணு ஜில்லுனு இருந்துச்சு."